நெஞ்சுவலிக்கு அதிர்வலை சிகிச்சை: கத்தி இல்லை என்பதற்காகச் சம்மதிக்கலாமா?

அருவி

என் அப்பாவுக்கு வயது 71. பைபாஸ் அறுவை சிகிச்சை ஆகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்போது ஒட்டிய குழாய்களில் இரண்டு அடைத்துக்கொண்டுவிட்டன. மறுபடியும் பைபாஸ் செய்ய உடம்பு தாங்காது, ஸ்டென்ட் வைக்கவும் வாகான இடமில்லை என்று ஆஞ்சியோகிராம் பார்த்த இரண்டு மருத்துவர்களும் சொல்லிவிட்டார்கள். மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. எட்டி நடந்தால் இறுக்குகிறது. நின்றுவிட்டால் சில நிமிடங்களில் தணிகிறது. தணியாவிட்டால் நாக்கின் அடியில் மாத்திரை வைத்துக்கொள்கிறார். பல மாதங்களாக இதே நிலைதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இப்போது ஓர் இதய மையத்தில் அதிர்வலை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். நெஞ்சின் மேல் கருவியை வைத்து மெல்லிய அதிர்வலைகளைச் செலுத்துவார்களாம். முதல் வாரம், ஐந்தாம் வாரம், ஒன்பதாம் வாரம் என்று மும்மூன்று அமர்வுகள். "கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, இதயத்தில் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கும்" என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. தம்பி இது வீண்வேலை என்கிறான். நடுவில் நான் நிற்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நெடுவழி

அருவி அம்மா, உங்கள் அப்பாவின் நிலையில் இருந்தவன் நான். எனக்கும் பைபாஸ் ஆகியிருந்தது. எனக்கும் "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவனின் மனம் என்ன பாடுபடும் என்பது கேட்டவனுக்குத்தான் தெரியும். அதிர்வலை சிகிச்சை செய்துகொண்டேன். இன்று நிற்காமல் நடக்கிறேன். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைத் தேடவேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை.

அஞ்சும்படி ஒன்றும் இல்லை. படுக்கச் சொல்வார்கள். மார்பில் ஈசிஜி இணைப்புகளை ஒட்டுவார்கள். இதயத் தசையின் எந்தப் பகுதிக்கு இரத்தம் போதவில்லை என்று முன்பே ஸ்கேனில் பார்த்து வைத்திருப்பார்கள். அந்தப் பகுதியை எக்கோ கருவியால் தேடிப் பிடிப்பார்கள். பிறகு இதயத்துடிப்போடு ஒட்டி ஒட்டி ஒரு தட்டு. ஓர் இடம் முடிந்ததும் சற்றுத் தள்ளி அடுத்த இடம். எனக்கு வலியே தெரியவில்லை. முடிந்ததும் எழுந்து நடந்தே வெளியே வந்தேன்.

சிறுநீரகக் கல்லை உடைக்க 1980-இல் மியூனிக்கில் முதல் நோயாளிக்குப் பயன்படுத்தினார்களே, அதே அதிர்வலைதான் இது. கல்லுக்குக் கொடுக்கும் சக்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இதயத்துக்குக் கொடுக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மனித உடம்பில் செலுத்திப் பழகிய ஒன்று. உங்கள் அப்பாவின் ஆசைக்குக் குறுக்கே நிற்காதீர்கள்.

நிறைமதி

நெடுவழி ஐயா, நீங்கள் நலமாக நடப்பது உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. உங்கள் வலி குறைந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதைக் குறைத்தது அதிர்வலைதானா என்பதுதான் என் கேள்வி. மருத்துவ ஆய்வுகளின் புள்ளிவிவரங்களைச் சரிபார்ப்பது என் தொழில். இந்த நோயில் இந்தக் கேள்விக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு.

1950-களில் ஆஞ்சைனாவுக்கு, அதாவது இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலிக்கு, ஓர் அறுவை சிகிச்சை பரவலாக நடந்தது. மார்பெலும்பின் இரு புறமும் உள்ளே இறங்கும் இரண்டு தமனிகளை முடிச்சிட்டுக் கட்டிவிடுவார்கள். அந்த வழி அடைபட்டால் இரத்தம் இதயத்தின் பக்கம் திரும்பிப் பாயும் என்பது கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. செய்துகொண்ட பலர் வலி குறைந்தது என்றார்கள். மாத்திரையைக் குறைத்தார்கள், முன்பைவிட அதிக தூரம் நடந்தார்கள். 1959-இல் லெனர்ட் காப் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 17 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, சிலருக்குத் தமனியைக் கட்டினார்கள். மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறி, தமனியைத் தொடாமலே தைத்துவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரு குழுவினருக்கும் வலி ஒரே மாதிரி குறைந்தது. அடுத்த ஆண்டு டைமண்ட் என்ற மருத்துவரின் குழு 18 பேரிடம் இதையே செய்து இதே முடிவுக்கு வந்தது. அந்த அறுவை சிகிச்சை அத்துடன் வழக்கொழிந்தது.

தோலை மட்டும் கீறியதால் நலமடைந்த அந்த மனிதர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களும் நடந்தார்கள், ஐயா. ஆஞ்சைனாவில் வலி கூடுவதும் குறைவதும் அடைப்பை மட்டும் பொறுத்ததல்ல. அச்சம், எதிர்பார்ப்பு, மருத்துவர் காட்டும் அக்கறை, "இப்போது நடக்கலாம்" என்ற துணிச்சல், அந்தத் துணிச்சலால் நடந்து நடந்து உடம்பு பெறும் பயிற்சி எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. போதாக்குறைக்கு, வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் புதிய சிகிச்சையைத் தேடிப் போகிறார்கள். உச்சத்தைத் தொட்ட எதுவும் சிறிது இறங்கத்தான் செய்யும். அதனால்தான் இந்த நோயில் போலிச் சிகிச்சை பெற்ற குழுவோடு ஒப்பிடாத எந்த ஆய்வையும் நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

செங்காந்தள்

இதில் இவ்வளவு ஐயம் ஏன்? அதிர்வலையால் இதயக் குழாயின் கால்சியத்தை உடைக்கும் முறைக்கு அமெரிக்கா 2021-லேயே அனுமதி கொடுத்துவிட்டதே. செய்தியாகவும் வந்தது.

கார்முகில்

அது வேறு, இது வேறு. நான் இதயநோய் மருத்துவர் என்பதால் இந்தக் குழப்பத்தை அடிக்கடி காண்கிறேன். நீங்கள் சொல்வது தமனிக்குள் வடிகுழாயைச் செலுத்தி, அதன் பலூனுக்குள்ளிருந்து அதிர்வலை எழுப்பி, சுவரில் படிந்து இறுகிய கால்சியத்தை விரிசலாக்கி, ஸ்டென்ட் நன்றாக விரிய இடம் செய்யும் முறை. அது ஸ்டென்ட் வைப்பதற்கான ஒரு துணைக் கருவி. அருவி கேட்பது உடம்புக்கு வெளியே இருந்து இதயத் தசையின் மேல் செலுத்தப்படுவது. அது எந்த அடைப்பையும் உடைக்காது. ஒன்றுக்குக் கிடைத்த அனுமதியை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டும் விளம்பரத்தைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

இப்போது நிறைமதிக்கு. 1959-இன் வரலாறு எனக்கும் தெரியும். மாணவர்களுக்கு நானே சொல்வதுண்டு. ஆனால் அந்தத் தமனிக் கட்டும் இதுவும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. அதன் பின்னால் ஓர் ஊகம் மட்டுமே இருந்தது. இதன் பின்னால் ஆய்வுக்கூடச் சான்று இருக்கிறது. ஜப்பானில் ஷிமோகாவாவின் குழு 2004-இல் வெளியிட்ட பன்றி ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். தமனியை மெல்ல மெல்ல இறுக்கி அடைக்கும் வளையத்தைப் பொருத்தி, பன்றிகளின் இதயத் தசையில் இரத்தக் குறைவை உண்டாக்கினார்கள். பிறகு ஒரு பிரிவுக்கு மட்டும் அதிர்வலை கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் நுண்குழாய்களின் அடர்த்தி கூடியது, தசையின் இயக்கம் மீண்டது. மற்றப் பிரிவில் அப்படி நடக்கவில்லை. பன்றிக்கு எதிர்பார்ப்பும் இல்லை, மருத்துவர் மேல் நம்பிக்கையும் இல்லை.

அலையின் அழுத்தம் குழாயின் உட்சுவர்ச் செல்களை இழுத்து அசைக்கிறது. அந்த அசைவைச் செல்கள் உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன, குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற புரதத்தையும் கூட்டுகின்றன. 2006-இல் அதே ஜப்பானியக் குழு, பைபாஸும் ஸ்டென்ட்டும் முடியாத 9 நோயாளிகளுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 0.09 மில்லிஜூல் அளவில் இதைக் கொடுத்தது. வலி குறைந்தது, மாத்திரை குறைந்தது, ஸ்கேனில் இரத்த ஓட்டமும் கூடியது. 2010-இல் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டும் செய்தார்கள். 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 39 ஆய்வுகளில் சுமார் 1,200 நோயாளிகளைத் திரட்டிப் பார்த்தது. பெரும்பாலும் ஒரே திசையில்தான் முடிவுகள் வந்தன. கடுமையான பக்கவிளைவு ஏறக்குறைய இல்லை. வேறு வழியற்ற ஒரு நோயாளிக்கு இதை மறுக்க எனக்கு மனம் வராது.

நிறைமதி

மருத்துவர் ஐயா, நீங்கள் சொன்ன 1,200-ஐ 39-ஆல் வகுத்துப் பாருங்கள். ஓர் ஆய்வுக்குச் சராசரி முப்பது பேர்தான். அவற்றில் பலவற்றில் ஒப்பிட ஒரு குழுவே கிடையாது. நீங்கள் குறிப்பிட்ட 2010-இன் ஒப்பீட்டில் இருந்தவர்கள் 8 பேர். சிறு ஆய்வுகளை எத்தனை அடுக்கினாலும் அவற்றின் குறை ஒன்றையொன்று ஈடு செய்யாது; ஒரே பக்கம் சாய்ந்த அளவைகளால் எத்தனை முறை அளந்தாலும் சாய்வு சாய்வாகவே இருக்கும். வெற்றி கண்ட சிறு ஆய்வுகள் அச்சேறுகின்றன. வெற்றி காணாதவை மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகின்றன. இவ்வளவையும் அந்தத் தொகுப்பாய்வை எழுதியவர்கள் மறைக்கவில்லை. பெரிய, சரியான ஒப்பீட்டு ஆய்வு தேவை என்றுதான் அவர்களும் கேட்டார்கள்.

அதன் பிறகு நிலையான ஆஞ்சைனா, அதாவது கூடாமல் குறையாமல் ஒரே அளவில் இருக்கும் நெஞ்சுவலி, உள்ளவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 72 பேர். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான அலை, மறு பாதிக்குப் போலிச் சிகிச்சை. நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. 2018-இல் முடிவு வந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களும் முன்பைவிட நன்றாக உடற்பயிற்சிச் சோதனையைச் செய்தார்கள், அவர்களுடைய வலியும் குறைந்தது. அப்படியானால் போலிக் குழு இல்லாத ஆய்வுகளில் கண்ட முன்னேற்றத்தில் எவ்வளவு அலையுடையது, எவ்வளவு அலையுடையது அல்ல என்று எப்படிப் பிரிப்பது?

பன்றிக்கு எதிர்பார்ப்பு இல்லை என்பது சரியான வாதம். பன்றியில் நடந்தது மனிதனில் நடக்கிறதா என்பதுதான் எஞ்சும் கேள்வி. நீங்கள் சொன்ன விஇஜிஎஃப் புரதத்தையே நேராக மனிதர்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். விவா என்ற ஆய்வு, 178 நோயாளிகள், 2003-இல் முடிவு வெளியானது. விலங்குகளில் அது அற்புதமாக வேலை செய்தது. மனிதர்களில் 60-ஆம் நாளில் மருந்துப்போலி (மருந்தில்லாத போலி மருந்து) பெற்ற குழுவுக்கும் புரதம் பெற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மருந்துப்போலி, குறைந்த அளவு, அதிக அளவு என்ற மூன்று குழுக்களுமே முன்னேறியிருந்தன. லேசரால் இதயத் தசையில் துளையிட்டால் புதுக் குழாய் முளைக்கும் என்றும் ஒரு காலத்தில் நம்பினார்கள். வடிகுழாய் வழியாக லேசர் கொடுத்து 298 பேரிடம் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட டைரக்ட் என்ற ஆய்வு 2005-இல் அதையும் தள்ளிவிட்டது. கையேட்டில் உள்ள "புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கும்" என்ற அதே வாக்குறுதியை இதயநோயாளிகள் பலமுறை கேட்டாகிவிட்டது.

நெடுவழி

உங்கள் எண்களுக்கு நான் மரியாதை தருகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரிடம் யாராவது போய், "உனக்கு நலமானது ஸ்டென்ட்டால்தானா, நம்பிக்கையால்தானா?" என்று கேட்கிறார்களா? லட்சக்கணக்கானோருக்கு அதை வைக்கிறீர்கள். பெரிய மருத்துவமனைகள் செய்தால் அது சிகிச்சை, எங்களைப் போன்ற கைவிடப்பட்டவர்கள் தேடிப் பிடித்தால் அது மனப்பிரமையா?

நிறைமதி

கேட்டார்கள், ஐயா. கேட்டதால்தான் இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிரிட்டனில் ஆர்பிட்டா என்ற ஆய்வு. 200 நோயாளிகள், ஒரு தமனியில் கடுமையான அடைப்பு, நிலையான ஆஞ்சைனா. முதலில் ஆறு வாரம் மருந்துகளை நன்றாகச் சரிப்படுத்தினார்கள். பிறகு பாதிப் பேருக்கு ஸ்டென்ட். பாதிப் பேருக்கு மயக்கத்தில் எல்லாச் சடங்கும் நடந்தது, ஸ்டென்ட் மட்டும் வைக்கவில்லை. 2017-இல் முடிவு: உடற்பயிற்சி நேரத்தில் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு 16.6 விநாடி, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கத்தக்க அளவு. உலகமே அதிர்ந்தது. அதே குழு விடவில்லை. வலி மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி செய்தது. 2023-இல் ஸ்டென்ட்டுக்குப் போலிச் சிகிச்சையைவிடத் தெளிவான பலன் உண்டு என்று காட்டியது. அப்போதும் ஸ்டென்ட் வைத்தவர்களில் பலருக்கு வலி முழுதாக நீங்கவில்லை.

ஆக, ஸ்டென்ட்டும் இந்தத் தேர்வை எழுதியது. முதல் முறை தடுமாறியது, இரண்டாம் முறை தேறியது. அதிர்வலை சிகிச்சையையும் அதே தேர்வு அறையில் உட்கார வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். உங்களைக் கைவிடப்பட்டவர் என்று நான் கருதவில்லை. கைவிடப்பட்டவர்களுக்குத் தரும் சிகிச்சைக்குக் குறைந்த சான்று போதும் என்று நினைப்பதைத்தான் நான் கைவிடுதல் என்பேன்.

கார்முகில்

இது நல்ல வாதம். இருந்தாலும் முழுவதும் ஒப்பமாட்டேன்.

ஆர்பிட்டா குழுவே 2024-இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டது. இதயத்திலிருந்து இரத்தம் வடியும் பெரிய சிரையில் மணற்கடிகார வடிவில் ஒரு வலைக்கம்பியை வைத்துப் பாதையைக் குறுக்கும் முறை அது. வேறு வழியற்ற 51 பேரிடம், போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். தசைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கூடவில்லை. ஆனால் வலி வரும் தடவைகள் குறைந்தன. அதாவது வேலை செய்யும் விதம் நாம் நினைத்தபடி இல்லாவிட்டாலும் நோயாளிக்கு நிவாரணம் கிடைக்கலாம். "புதுக் குழாய் முளைத்ததா" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அதிர்வலையைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து, ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் குழுவின் ஆய்வு, அதுவும் 2024. இதயத்தின் இரத்தம் தள்ளும் திறன் குறைந்து பைபாஸுக்கு வந்த 63 பேர். அறுவையின்போதே பாதிப் பேருக்கு இதயத் தசையின் மேல் நேரடியாக அதிர்வலை, மற்றவர்களுக்குப் போலி. ஓராண்டில் அலை பெற்றவர்களுக்குத் தள்ளுதிறன் 11.3 புள்ளியும் மற்றவர்களுக்கு 6.3 புள்ளியும் கூடியது. நடக்கும் தூரமும் கூடியது. போலிக் குழு வேண்டும் என்றீர்கள், இதில் இருக்கிறது. மயக்கத்தில் இருந்தவருக்கு எதிர்பார்ப்பு என்ன செய்யும்?

நிறைமதி

இன்ஸ்புருக் ஆய்வை நானும் மதிக்கிறேன். மனித இதயத் தசை அதிர்வலைக்கு ஏதோ ஒரு வகையில் பதிலளிக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை அதுவே வலுவான சான்று. ஆனால் அருவியின் அப்பாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அங்கே மார்பு திறந்திருந்தது, அலை தசையில் நேராக இறங்கியது, கூடவே பைபாஸும் நடந்தது, அளந்தது தள்ளுதிறனை. இங்கே தோல், விலா எலும்பு, நுரையீரல் ஆகியவற்றின் இடுக்கு வழியாக அலை போக வேண்டும். நாடுவது வலி நிவாரணத்தை.

நீங்கள் சொன்ன சிரைக் கருவி இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அதற்கு 2015-லேயே 104 பேரிடம் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வு வந்தது. வலியின் படிநிலையில் இரண்டு படி இறங்கியவர்கள் கருவி வைத்தவர்களில் 35 விழுக்காடு, போலிக் குழுவில் 15 விழுக்காடு. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019-இல் வழிகாட்டுதல்களை எழுதியபோது, மருந்துக்கு அடங்காத ஆஞ்சைனாவுக்கு அந்தச் சிரைக் கருவியையும், கால்களைக் காற்றுப் பட்டைகளால் அழுத்தும் ஈஈசிபி முறையையும், தண்டுவடத்தை மின்சாரத்தால் தூண்டும் முறையையும் "கருதிப் பார்க்கலாம்" என்ற நிலையில் வைத்தது. லேசரை வேண்டாம் என்றது. அதிர்வலைக்கு அப்படி ஒரு பரிந்துரை தரவில்லை. கையேட்டில் இதையும் அச்சிட்டிருந்தால் எனக்கு இந்தச் சண்டையே இல்லை.

நெடுவழி

சரி, நீங்கள் சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் வலி குறைந்தது நம்பிக்கையால்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன கெட்டுப்போயிற்று? வலி குறைந்தது. உடம்புக்குத் தீங்கு வரவில்லை. வலியோடு வாழ்கிறவனுக்கு அந்த நிவாரணம் எந்த வழியாக வந்தால் என்ன? பெரிய ஆய்வு முடியும் வரை காத்திரு என்று நாற்பது வயதுக்காரனிடம் சொல்லுங்கள். எழுபது வயதுக்காரனிடம் சொல்லாதீர்கள்.

நிறைமதி

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. உங்கள் ஒருவரைப் பொறுத்தவரை ஒன்றும் கெடவில்லை, ஐயா. கெடுவது வேறு இடத்தில்.

ஒருவருக்கு "இதயத்தில் புதுக் குழாய் முளைத்துவிட்டது" என்று சொல்லி அனுப்பினால் அவர் என்ன செய்வார்? மாத்திரையைத் தானே குறைப்பார். புதிதாக வலி வந்தால் "சிகிச்சை எடுத்தாயிற்றே" என்று பொறுத்துக்கொள்வார். நிலையான ஆஞ்சைனா நிலையற்றதாக மாறும் நேரம் அதுவாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, அதைவிடப் பரவலானது. அதிர்வலையில் மனத்தையும் காலத்தையும் செலவழிக்கும்போது, சான்று உள்ள பழைய வழிகள் முயலப்படாமலே நிற்கின்றன. அருவி, உங்கள் அப்பா இப்போது வலிக்கு என்னென்ன மருந்து எடுக்கிறார்? இதய நோயாளிகளுக்கான மேற்பார்வையுள்ள உடற்பயிற்சி செய்திருக்கிறாரா? அண்மையில் இரத்தச் சோகை, தைராய்டு பார்த்தீர்களா?

அருவி

மெட்டோப்ரொலால் காலையில் ஒன்று, ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் ஒன்று. இவற்றின் அளவு கடைசியாக எப்போது மாறியது என்று அப்பாவுக்கு நினைவில்லை. கொழுப்புக்கும் இரத்தம் உறையாமைக்கும் தனியாக மாத்திரைகள் உண்டு. மேற்பார்வையுள்ள உடற்பயிற்சி என்று யாரும் சொன்னதில்லை. "அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்று சொன்னதால் அவர் நடப்பதையே குறைத்துவிட்டார். ஹீமோகுளோபின் இப்போதுதான் பழைய தாள்களில் தேடிப் பார்த்தேன். 9.4 என்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கார்முகில்

அருவி, அந்த எண்ணைப் படித்ததும் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

ஹீமோகுளோபின் 9.4 என்றால் இரத்தம் சுமக்கும் ஆக்சிஜனே குறைவு. குறுகிய தமனி வழியாகத் தேவைக்குக் குறைவாகத்தான் இரத்தம் வருகிறது; வரும் இரத்தத்திலும் ஆக்சிஜன் குறைந்தால் மாடிப்படியில் நெஞ்சு இறுக்கத்தான் செய்யும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாகவும் அடித்துக்கொள்ளும். அதுவும் வலியைக் கூட்டும். சோகை ஏன் வந்தது என்று தேட வேண்டும். இரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுக்கிறவர் என்பதால் வயிற்றிலோ குடலிலோ மெல்லக் கசிகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, இரும்புச்சத்து எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். இதற்காக உறையாமை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது பைபாஸ் ஆனவருக்கு ஆபத்து.

அடுத்தது மருந்து. ஓய்வில் நாடித்துடிப்பு எவ்வளவு என்று பார்த்து மெட்டோப்ரொலாலைக் கூட்ட இடம் இருக்கிறதா? அம்லோடிப்பின் சேர்க்கலாமா? ரானோலசின், நிக்கோராண்டில், இவாப்ரடின் என்று இன்னும் சில மருந்துகள் இருக்கின்றன. எல்லாம் எல்லாருக்கும் ஒத்துவராது. சிறுநீரகம், ஈசிஜி, இரத்த அழுத்தம் பார்த்துத்தான் கொடுக்க முடியும். ஆனால் இரண்டு மருந்தோடு நிற்கும் ஒருவரை மருந்துக்கு அடங்காத ஆஞ்சைனா என்று நான் சொல்லமாட்டேன். நான் அதிர்வலைக்காக வாதாடியது வழிகளெல்லாம் முயன்று முடிந்தவருக்காக. உங்கள் அப்பாவுக்கு இன்னும் முடியவில்லை.

நடப்பதைக் குறைத்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஜெர்மனியில் ஹாம்பிரெக்ட் என்பவரின் குழு, நிலையான ஆஞ்சைனா உள்ள 101 ஆண்களைப் பிரித்துப் பாதிப் பேருக்கு ஸ்டென்ட்டும் பாதிப் பேருக்கு ஓராண்டு உடற்பயிற்சியும் கொடுத்து 2004-இல் முடிவை வெளியிட்டது. இதயப் பிரச்சினை எதுவும் நேராமல் ஓராண்டைக் கடந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 88 விழுக்காடு, ஸ்டென்ட் குழுவில் 70 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் அதில் இல்லை. ஆனாலும் வலி தொடங்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே, மேற்பார்வையில், அளந்து நடந்தால் அந்த எல்லை மெல்ல மெல்லத் தள்ளிப்போகும் என்பது நாங்கள் அன்றாடம் காண்பது. சோகைக்குக் காரணம் தெரிந்து சீரான பிறகு தொடங்கலாம்.

நெடுவழி

என் ஹீமோகுளோபினையும் மருந்துகளையும் எனக்குச் சிகிச்சை கொடுத்தவர்கள் முதலிலேயே சரிபார்த்தார்கள். அதன் பிறகுதான் அலை. அதனால்தான் எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை. அருவி அம்மா, முதலில் மருத்துவர் சொன்னதைச் செய்யுங்கள். ஆனால் எல்லாம் செய்தும் உங்கள் அப்பா மாடியில் பாதி வழியில் நின்றால், அந்தக் கதவைச் சாத்திவிடாதீர்கள். என் கருத்தில் மாற்றமில்லை.

நிறைமதி

கதவைச் சாத்த வேண்டாம். அது ஆய்வின் கதவாக இருக்கட்டும். பதிவு செய்யப்பட்ட, போலிக் குழு உள்ள ஓர் ஆய்வில் அப்பாவுக்கு இடம் கிடைத்தால் அவருக்கும் கண்காணிப்பு கிடைக்கும், அடுத்து வருகிறவர்களுக்கும் விடை கிடைக்கும். உறுதியான பலன் என்று சொல்லி, ஆய்வு எதிலும் சேர்க்காமல் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. இதில் கார்முகில் ஐயாவுக்கும் எனக்கும் உள்ள கருத்து வேறுபாடு அப்படியேதான் இருக்கிறது.

அருவி

ஹீமோகுளோபினைக் காட்டி நாளையே மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். தம்பியும் வருகிறான். அப்பாவிடம் அதிர்வலை வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது இல்லை என்று சொல்லியிருக்கிறேன். பின்னால் அது தேவைப்பட்டால் அந்த மையத்தில் என்ன கேட்க வேண்டும்?

கார்முகில்

இரத்தம் போதாத, ஆனால் இன்னும் உயிருள்ள தசை எது என்று எந்த ஸ்கேனில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அது பார்க்காமல் அலை செலுத்தினால் குறி இல்லாமல் எய்வதுதான். இதயத்தின் உள்ளே இரத்தக் கட்டி இல்லை என்று எக்கோவில் உறுதி செய்தீர்களா என்று கேளுங்கள்; இருந்தால் இந்தச் சிகிச்சை கூடாது. ஒவ்வொரு அலையும் ஈசிஜியோடு இணைத்துத்தான் செலுத்தப்படுகிறதா? காற்று நிறைந்த நுரையீரலின் மேல் அலை பட்டால் திசு காயப்படும் என்பதால், நுரையீரல் குறுக்கே வராத இடைவெளியை எக்கோவில் ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்களா? பேஸ்மேக்கர் இருந்தாலோ மார்பில் கட்டி ஏதும் இருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்கு முன்னும் ஆறு மாதம் கழித்தும் டிரெட்மில் சோதனை செய்து எழுத்தில் தருவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில், ஓய்வில் இருக்கும்போது வலி வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த நடைக்கே வந்தாலோ, நாக்கின் அடியில் மாத்திரை வைத்தும் சில நிமிடங்களில் தணியாவிட்டாலோ, மலம் கறுத்துப் போனாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.